பந்து துள்ளாத தரை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் துணிக்கொடி தொய்ந்துவிட்டது. ஈரத் துணியின் கனத்தில் நைலான் கயிறு இறங்கி, சட்டைகளின் கை தரையைத் தொட்டது. முட்டுக்கொடுக்கக் கம்பு ஏதாவது இருக்கிறதா என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள். நான் தேடுவதற்குள் மகன் அருள் உள்ளே போய்த் தன் ஹாக்கி மட்டையை எடுத்துவந்தான். அதன் வளைந்த முனையில் கயிற்றைத் தூக்கிப் போட்டு, பிடியைச் சுவரோரம் ஊன்றினான். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தான். "ஓகே லா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

கோவில்பட்டியில் என்னோடு ஹாக்கி ஆடிய நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பையனைப் பெரிய கிளப்பில் கூப்பிட்டிருக்கிறார்களாமே, சென்டரில் ஆடுகிறானாமே, மலேசியாவுக்கே ஆடிவிடுவானோ என்று. நானும் போனில் கும்பிடும் கை படத்தை அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத மனசு வரவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. பள்ளியை விட்டபின் தீப்பெட்டி ஆபீஸ், லாரி கிளீனர், திருப்பூர், மும்பை என்று ஓரிடத்தில் கால் தரிக்காமல் அலைந்தேன். ஓர் ஏஜெண்ட் ஏற்றிவிட, மலேசியாவில் ஜொகூருக்கு வந்தேன். முதலில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். பிறகு மெர்சிங் மீன்துறையில் ஐஸ் உடைத்தேன். அங்கே மழைக்காலத்தில் படகு போகாது, வேலையும் இருக்காது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் சிம்பாங் ரெங்கம் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டெல்லா அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அவளைக் கட்டிய பிறகுதான் ஓரிடத்தில் நின்றேன்.

மலாய் எனக்கு இன்றுவரை சரியாக வராது. வந்த புதிதில் கடைக்குப் போய்ச் சோப்புக் கேட்பதற்குக்கூடக் கையால் தேய்த்துக் காட்டினேன். அருள் ஐந்து வயதிலேயே எனக்காகப் பேச ஆரம்பித்துவிட்டான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பெரியவனானதும், நான் வாயைத் திறக்குமுன் அவனே பேசி முடித்துவிடுவான். நண்பர்கள் கூட இருந்தால் என்னை ஓரமாக நிற்கவைப்பான். அதில் அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கும் அவனுக்கும் இடையில் பேசிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியது. அது ஹாக்கி.

தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லாரிகள் திரும்புவதற்கென்று ஒரு செம்மண் பொட்டல் உண்டு. அங்கேதான் அவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். லாரிச் சக்கரம் பதிந்த மேடும் பள்ளமுமாக இருக்கும். காய்ந்தால் கல். நேராக வரும் பந்து கடைசி முழத்தில் எங்கே துள்ளும் என்று யாராலும் சொல்லமுடியாது. அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படித் துள்ளிய பந்து வாயில் பட்டு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. அன்றிலிருந்து நான் அவனுக்கு ஒரே பாடம்தான் சொன்னேன். பந்தை நம்பாதே, கடைசிவரை கண்ணை எடுக்காதே, அது என்ன செய்கிறதென்று பார்த்துவிட்டு மட்டையை வை.

நமக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? புழுதிப் பொட்டலில் ஆடிய நாம் எல்லோருமே பந்துக்குக் கடைசி நேரத்தில் ஒரு தவணை கொடுத்துத்தான் அதை நிறுத்துவோம்.

3

நாங்கள் இப்போது சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவில் இருக்கிறோம். ஸ்டெல்லாவுக்கு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு லாரிக் கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அருள் டிப்ளோமா முடிக்கும் தறுவாயில் இருந்தான். கல்லூரி அணியில் அவன்தான் சென்டர். நம் ஊரில் சென்டர் ஹாஃப் என்போமே, நடுவில் நின்று பந்தை வாங்கி முன்னால் அனுப்புகிற அந்த இடம். கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியைப் பார்க்க வந்த ஒரு கிளப் பயிற்சியாளர் அவன் ஆட்டம் பிடித்துப்போய், இரண்டு வாரம் எங்களோடு வந்து பழகு, சரியாக இருந்தால் ஒரு சீசனுக்கு ஒப்பந்தம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சம்பளம், தங்குமிடம் எல்லாம் உண்டு. அவன் அம்மாவிடம் அதைச் சொன்னபோது அந்த உடைந்த பல் தெரியச் சிரித்தான். வழக்கமாக உதட்டை மூடிச் சிரிப்பவன்.

அதே வாரத்தில்தான் ஸ்டெல்லாவின் தம்பி பிரான்சிஸ் வந்தான். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறான். அங்கே ஓர் ஆள் தேவை, மாசக் கடைசிக்குள் சொன்னால் அருளுக்கு வாங்கித் தருகிறேன் என்றான். இங்கே எந்தப் பையனுக்கும் அதுதான் வழி. விடியுமுன் மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடக்கவேண்டும். இருட்டியபின் திரும்பவேண்டும். காசு உண்டு, வேறொன்றும் இருக்காது.

அருள் மாமாவிடம் மரியாதையாகவே மறுத்தான். "மாமா, நான் பந்து விளையாடப் போறேன், பெட்டி தூக்கப் போகல."

பிரான்சிஸ் கோபப்படவில்லை. "விளையாடு லா. நானும் உன் வயசுல ஃபுட்பால்ல மரடோனாதான். மாசக் கடைசிக்குள்ள சொல்லு, போதும்."

அவன் போனபின் ஸ்டெல்லா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். நீங்கள் ஆடியவர், போய்ப் பாருங்கள், அவனால் இதில் பிழைக்க முடியுமா முடியாதா என்று எனக்கு நிஜத்தைச் சொல்லுங்கள், மகன் என்று பார்க்காதீர்கள் என்றாள். நான் சரி என்றேன். இவ்வளவு காலத்தில் அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்ட ஒரே விஷயம் அது.

4

பயிற்சிக்கு மாலையில் போனேன். அருளுக்குத் தெரியாமல் இல்லை. வாங்க, ஆனால் கோச்சிடம் எதுவும் பேசாதீர்கள் என்ற நிபந்தனையோடுதான் கூட்டிப்போனான். நான் மேல் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

நீலத் தரை. டர்ஃப் என்கிற செயற்கைப் புல். ஆட்டத்துக்கு முன் பீரங்கி மாதிரிக் குழாய்கள் எழும்பி நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சின. ஈரத்தில் பந்து ஓடும்போது பின்னால் மெல்லிய நீர்த்தூள் கிளம்புகிறது. கோடு போட்டது மாதிரி வருகிறது. துள்ளுவதே இல்லை. அதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது. எதிரில் வருகிறவன் பொய்யே சொல்லமாட்டான் என்றால் நாம் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பது?

அருளை நான் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துப் பார்த்தேன். அவனிடம் இருப்பதைச் சொல்கிறேன். மூச்சு இருக்கிறது. முதல் நிமிடம் ஓடிய அதே ஓட்டம் கடைசி நிமிடமும் ஓடுவான். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் அவசரம் கிடையாது. மட்டையைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கி, அவன் தப்புச் செய்யும்வரை விட்டுப்பிடிப்பான். இடது பக்கம் மட்டையைத் திருப்பி அடிப்பது நம்மில் யாருக்கும் வராத அளவுக்குச் சுத்தம். நீளமாகத் தள்ளும் பந்து போய்ச் சேரவேண்டியவனிடம் போய்ச் சேர்கிறது. திட்டினால் திருப்பித் திட்டமாட்டான். விழுந்தால் எழுவான். கல்லூரியில் இவனை ஏன் கொண்டாடினார்கள் என்று தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகுதான் அதைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து ஒரு வேகமான பந்து அவனிடம் வருகிறது. சென்டரில் நிற்பவன், பந்து வந்து சேருமுன்பே தலையை நிமிர்த்தி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடவேண்டும். அருள் பார்க்கவில்லை. பந்து ஒரு முழத்தில் வரும்போது அவன் மட்டை கொஞ்சம் நிமிர்கிறது. முழங்கை இளகுகிறது. கண் பந்திலேயே இருக்கிறது. பந்து துள்ளுமா என்று காத்திருக்கிறான். துள்ளவில்லை என்றதும் நிறுத்துகிறான். அதன் பிறகே தலை நிமிர்கிறது. கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் இரண்டு பேர் அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டார்கள்.

கல்லூரியில் அவ்வளவு வேகமாக யாரும் வந்து அடைப்பதில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இங்கே அடைக்கிறார்கள். அருள் கெட்டிக்காரன், இரண்டு பேருக்கு நடுவிலும் எப்படியோ பந்தைக் காப்பாற்றிவிடுகிறான். சுற்றியிருப்பவர்கள் கைதட்டினார்கள். சென்டரின் வேலை பந்தைக் காப்பாற்றுவது இல்லையே. அவன் பந்தைக் காப்பாற்றுகிற ஒவ்வொரு முறையும் முன்னால் ஓடியவர்கள் நின்று திரும்பி வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் அதே இடத்துக்காக வந்த இன்னொரு பையன் இருந்தான். வடக்கே ஏதோ விளையாட்டுப் பள்ளியில் படித்தவன் என்றார்கள். அருளைவிட ஒல்லி, மூச்சும் குறைவு. பறிப்பதில் அருளுக்கு உறை போடக் காணாது. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தோளைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். பந்து மட்டையில் பட்டபோது அவன் அதைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் உட்காருகிறவன் கட்டில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. பட்ட அதே அடியில் பந்து வேறெங்கோ போய்விட்டது.

அவன் சின்ன வயதிலிருந்தே இந்தத் தரையில் வளர்ந்தவன். அந்த அரை நொடியை ஓடியோ உழைத்தோ ஈடுகட்ட முடியாது. வீட்டுக்குப் போகும்போது அருள் மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டே எப்படி இருந்தது என்று கேட்டான். நல்லா ஆடினே என்றேன். அது பொய்யில்லை.

5

மறுநாள் மறுநாள் என்று இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன். என் கண்தான் தப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பில்லை.

அந்த வாரம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவுத் துறைக்குப் போகவேண்டியிருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நான் இங்கே ஸ்டெல்லாவின் கணவன் என்ற ஒரே காரணத்தால் இருக்கிறவன். நிரந்தர வாசத்துக்கு எழுதிப்போட்டது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து நிற்கவேண்டும். கல்யாணம் இன்னும் இருக்கிறதா என்று அதிகாரி கேட்பார். இருக்கிறது என்று அவள் சொல்லவேண்டும். சண்டை போட்ட வாரங்களிலும் வந்து சொல்லியிருக்கிறாள்.

நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் ஒரு நேபாளப் பையன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ரொட்டியைப் பிட்டு எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"பாத்தாச்சுல்ல. முடியுமா, முடியாதா?"

"நல்லா ஆடுறான் ஸ்டெல்லா. காலேஜ்ல அவனை மாதிரி..."

"நான் அதக் கேக்கல."

நான் திரையில் ஓடும் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியாது" என்றேன்.

அவள் மெதுவாக ரொட்டியை மென்று முடித்தாள். எதனால் என்று கேட்பாள், தரையைப் பற்றியும் துள்ளலைப் பற்றியும் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் வார்த்தையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அது எனக்கு அன்று பெரிய பாரமாக இருந்தது.

"நீங்க அவன்கிட்ட இதச் சொல்லாதீங்க" என்றாள். "அந்தக் கோச்சே சொல்லட்டும். வேத்து ஆளு சொன்னா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவான். அப்பா சொன்னா கடைசிவரைக்கும் வச்சிருப்பான்."

எங்கள் நம்பர் வந்தது. கல்யாணம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றாள்.

6

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அன்று மாலையே பயிற்சி முடிந்து, இங்கே மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தே ஓ ஐஸ், அதாவது ஐஸ் போட்ட பாலில்லாத தேநீர், குடிக்கும்போது அருளிடம் சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்லவில்லை. பந்து வருவதற்கு முன் தலையைத் தூக்கு, நீ பந்து துள்ளுமென்று காத்திருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரத்தில் ஏதாவது நடக்காதா என்ற நப்பாசைதான்.

அவன் ஸ்டிராவை வாயிலிருந்து எடுத்தான். "நானா? நான் வெயிட் பண்றேனா?"

போனில் நான் எடுத்து வைத்திருந்த படத்தை ஓடவிட்டுக் காட்டினேன். முதல் தடவை அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி பார்த்தான். நாலாவது தடவையில் அவன் முகம் மாறியது. அவன் கெட்டிக்காரன் என்று சொன்னேனே.

"நீங்கதான பா சொன்னீங்க, பந்த நம்பாதன்னு?"

"தோட்டத்துல அது சரி."

"இங்க?"

"இங்க தப்பு."

"சரி. எப்ப மாத்திக்கிறது? நாளைக்கா, நாளன்னைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை.

அவன் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தத் தரையில் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் மிச்சப் பற்களும் போயிருக்கும். தரை மாறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போன இடமெல்லாம் கரடுமுரடாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் சிமெண்டு மைதானத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் பழகினோம். பிள்ளைகள் ஃபுட்சால் ஆடும் இடம், வழவழவென்று இருக்கும். நான் பந்தைத் தள்ளுவேன். அது அவனிடம் போய்ச் சேருமுன் என் இடது கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறேன் என்று அவன் சொல்லவேண்டும். கீழ்வீட்டுச் சீனக் கிழவர் பல் தேய்த்தபடி வேடிக்கை பார்த்தார். அருள் விரலைச் சொல்லாதபோதெல்லாம் அவரே சத்தமாக எண்ணிச் சொல்வார். நாங்கள் மூவரும் சிரித்தோம். என் மகனோடு நான் அவ்வளவு பேசியதும் சிரித்ததும் சமீபத்தில் அந்த நாட்களில்தான்.

ஆனால் விரலைப் பார்த்தால் பந்து போய்விடும். பந்தைப் பிடித்தால் விரல் தெரியாது. உடம்பு ஒருதடவை கற்றுக்கொண்டதை அது யாரிடமும் கேட்காமல் செய்கிறது. தூக்கத்தில் தட்டி எழுப்பினால் எனக்கு இன்னும் லாரி கிளீனர் காலத்து மாதிரி "ரைட்" என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

7

கடைசி நாள் இரண்டு அணியாகப் பிரித்து முழு ஆட்டம் ஆடவைத்தார்கள். நாலு மணிக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது. தரைக்குத் தண்ணீர் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் பந்து வந்தது. அருள் தலையைத் தூக்கினான். தூக்கியபடியே நிறுத்தி, நிறுத்திய அடியிலேயே வலது ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அனுப்பினான். நான் படிக்கட்டில் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. பயிற்சியாளர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி ஏதோ சொன்னார். அந்தச் சில நிமிடங்கள் அவன், நான் இதுவரை பார்த்திராத ஓர் ஆட்டக்காரனாக இருந்தான். அவன் என்னவாகியிருப்பான் என்று தெரிந்தது. அது தெரியாமலே போயிருக்கலாம்.

மூன்றாவதோ நாலாவதோ, சாதாரணமாக வந்த ஒரு பந்து. தலை நிமிர்ந்திருந்தது. மட்டை ஒரு விரற்கடை மேலே இருந்துவிட்டது. பந்து அடியில் நழுவிப் பின்னால் போனது. அந்த ஒல்லிப் பையன் அதை எடுத்து முன்னே தள்ள, கோல் விழுந்தது.

அருள் என் பக்கம் பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் அவன் என்ன முடிவு செய்தான் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த பந்து வந்தபோது தலை குனிந்தது, மட்டை நிமிர்ந்தது, முழங்கை இளகியது. அதன்பின் ஆட்டம் முடியும்வரை ஒரு பந்தைக்கூட அவன் விடவில்லை. ஒன்றுகூட நேரத்துக்குப் போகவும் இல்லை.

முடிந்தபின் பயிற்சியாளர் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். பிறகு அவராகவே என்னிடம் வந்து கைகொடுத்தார். நல்ல மனிதர். நான் மலாயில் தடுமாறுவதைப் பார்த்து மெதுவாகப் பேசினார். பையன் நல்லவன், உழைப்பாளி, ஒழுக்கம் இருக்கிறது, பறிப்பதில் எங்கள் ஆட்களைவிட மேல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அந்த முதல் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து நினைத்த அதே வரிசையில் சொன்னார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"பதிமூணு வயசுல என்கிட்ட வந்திருந்தா அங்கிள்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் விட்டார். பதிமூன்று வயதில் அவனுக்கு மிக அருகில் இருந்த நீலத் தரை, பஸ்ஸில் போய்வர ஒரு நாள் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. நன்றி என்று சொன்னேன். அதைத் தப்பில்லாமல் சொல்ல எனக்குத் தெரியும்.

8

அந்த வாரம் சனிக்கிழமை பிரான்சிஸ் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் கம்பெனிச் சட்டைகள், சாம்பல் நிறம். அருள் ஒன்றை எடுத்து உடம்போடு வைத்துப் பார்த்தான். தோள் சரியாக இருந்தது. கழுத்துக்குப் பின்னால் அவன் பெயர் தைத்திருந்தது.

"எப்பம்மா கேட்டீங்க மாமாகிட்ட?" என்றான்.

ஸ்டெல்லா தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்தாள். பிரான்சிஸுக்கு விவரம் தெரியாது. "போன வாரமே அக்கா சொல்லிட்டாங்களே லா. பேரு தைக்கக் குடுத்தா எடுத்து வர டைம் ஆகும் இல்ல?"

போன வாரம் என்றால் கடைசி ஆட்டத்துக்கு முன்பு. நான் சுவரில் மாட்டியிருந்த மாதாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"அப்பா சொன்னாரா?"

ஸ்டெல்லா பதில் சொல்வதற்குள் நான் ஆமா என்றேன்.

அவன் சட்டையை மடித்தான். ஒழுங்காக, கடையில் மடிப்பது மாதிரி மடித்துப் பைக்குள் வைத்தான்.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றான். "ஹாக்கி தெரிஞ்சவங்கல்ல நீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. பிரான்சிஸ் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது அக்கா என்று கேட்டான்.

சிமெண்டு மைதானத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலைகளில் நான் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தேன் என்பதை அவன் அன்றிரவு கணக்குப் போட்டிருப்பான். நான் பொய்யாகப் பழக்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் நம்பித்தான் தள்ளினேன். அதை அவனிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

9

அவன் வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகின்றன. நாங்கள் எழுமுன் போய்விடுகிறான். பாலத்தில் மோட்டார்சைக்கிள்கள் ஊர்ந்து போகும் இடத்தில் ஹெல்மெட்டோடு நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று பிரான்சிஸ் பெருமையாகச் சொல்கிறான். ஹாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனவே நானும் அவனும் பேசுவதில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் ஊரிலும் நீலத் தரை போட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். பிள்ளைகளைச் சின்னதிலேயே அதில் இறக்குங்கள். பொட்டலில் ஆடித்தான் நாம் ஆளானோம் என்று யாராவது பெருமை பேசினால், காதில் வாங்காதீர்கள். நான் பேசியிருக்கிறேன்.

மலேசியாவுக்கு ஆடுவானா என்று கேட்டீர்கள். ஆடமாட்டான். எந்த ஊருக்கும் ஆடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கொடிக்கு மட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கப்போனான் என்று எழுதினேனே, அன்று சாயங்காலம் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனாக வந்து உட்கார்ந்தது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அதுவே முதல் தடவை. கொடியில் அவன் சாம்பல் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பா, எங்க கிடங்குல தரை இருக்கே, அவ்ளோ ஸ்மூத். டர்ஃப்கூட அப்படி இல்ல. ஒரு நட்டு கீழ விழுந்துச்சுன்னா அந்தக் கடைசிவரைக்கும் நேரா உருண்டு போகும். துள்ளவே துள்ளாது."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன், கண்முன் இல்லாத அந்த நட்டு உருண்டுபோன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.